பகலில் குதிரை, ராத்திரியில் கணவன்: ‘மை லேடி ஜேன்’ ஒலிநூல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஆடியோ புக் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் வீட்டில், ஆபீஸில், ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்கு முன்னால்கூட அதைப் பற்றியே பேசினேன். அதன் பலன், அப்புறம் ஆறு மாதமாக ஆளாளுக்கு அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை கட்டிவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இனி யார் கேட்டாலும் லிங்க்தான்.

அக்கா, முதலில் அது என்ன கதை?

‘மை லேடி ஜேன்’, 2016இல் வந்த ஆங்கில நாவல். சிந்தியா ஹேண்ட், பிராடி ஆஷ்டன், ஜோடி மெடோஸ் என்று மூன்று அமெரிக்கப் பெண்கள் சேர்ந்து எழுதியது. 1553ஆம் வருஷத்து இங்கிலாந்து. பதின்பருவத்து ராஜா எட்வர்டு நோயில் படுத்திருக்கிறான், இன்னும் ஒரு பெண்ணை முத்தமிட்டதுகூட இல்லையே என்பதுதான் அவனுடைய பெரிய கவலை. அவனுக்கு உறவுக்காரி ஜேன், எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பவள். அவளை அவசர அவசரமாக ஒரு பிரபுவின் மகனுக்குக் கட்டிவைக்கிறார்கள். மாப்பிள்ளை கிஃபோர்டு பார்க்க லட்சணமானவன், ஊரில் அவனைப் பற்றி நல்ல பேச்சு இல்லை, கல்யாணத்தை எதற்கோ இருட்டிய பிறகுதான் வைக்கிறார்கள். ஏனென்றால் மாப்பிள்ளை சூரியன் உதித்தால் குதிரையாகிவிடுவான். அஸ்தமித்தால்தான் மனிதன். இதைப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் மாப்பிள்ளைக்கு வேலை போனதைத்தான் மறைப்பார்கள்.

பாராநார்மல் ரொமான்ஸ், அதாவது அமானுஷ்யக் காதல் கதை என்கிறீர்கள், பேய் உண்டா?

இந்தப் புத்தகத்தில் பேய் இல்லை. மிருகமாக உருமாறுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு ‘எதியன்’ என்று பெயர். அவர்களைப் பிடிக்காத கூட்டம் ‘வெரிட்டி’. சரித்திரத்தில் அந்தக் காலத்து இங்கிலாந்தைக் கிழித்துப் போட்டது கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சண்டை. மூன்று பேரும் அந்த இடத்தில் உருமாறுகிறவர்கள், உருமாறாதவர்கள் சண்டையை வைத்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். மதச் சண்டையை வைத்து ஜோக் அடித்தால் யாராவது புண்படுவார்கள், குதிரையை வைத்து அடித்தால் குதிரை கோபித்துக்கொள்ளாது.

2005இல் ‘ட்வைலைட்’ வந்து ஓடு ஓடென்று ஓடியதற்குப் பிறகு அமெரிக்கப் புத்தகக் கடைகளில் இளசுகளுக்கான அமானுஷ்யக் காதலுக்கென்றே தனி அலமாரி வைத்தார்கள். ரத்தக்காட்டேரிக் காதலன், ஓநாய்க் காதலன், தேவதூதக் காதலன், எல்லோரும் வெளுத்த முகத்தோடு ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுகிற ரகம். அதையெல்லாம் வரிசையாகப் படித்து அலுத்துப்போனவர்களுக்கு, காதலன் பெருமூச்சு விடாமல் கனைக்கிறான் என்பதே பெரிய ஆறுதல்.

சரித்திரத்தில் ஜேன் உண்மையிலேயே இருந்தாளா? அது தெரியாமல் கேட்டால் புரியுமா?

இருந்தாள். தெரியாமலும் கேட்கலாம், ஆனால் பத்து நிமிஷம் செலவழித்துத் தெரிந்துகொண்டு கேட்டால் சிரிப்பு இரண்டு மடங்கு, அப்புறம் நடுநடுவே தொண்டையில் ஏதோ அடைக்கும், அதுவும் இலவசம்.

உறவுமுறையை முதலில் பார்த்துவிடலாம். ஆங்கிலப் புத்தகங்களில் எல்லோரையும் ‘கசின்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள், நம் மொழியில் ஒரே வரியில் முடிந்துவிடும். எட்டாம் ஹென்றியின் மகன் எட்வர்டு. ஹென்றியின் தங்கை மேரி, எட்வர்டுக்கு அத்தை. அந்த அத்தையின் மகள் பிரான்சஸ். பிரான்சஸின் மகள் ஜேன். அதாவது ஜேன், எட்வர்டுக்கு அத்தை பேத்தி. எட்வர்டுக்குச் சொந்தத்தில் மேரி, எலிசபெத் என்று இரண்டு அக்காக்கள் இருந்தும், அவர்களை ஒதுக்கிவிட்டு அத்தை பேத்திக்கு முடி போகட்டும் என்று உயில் மாதிரி ஒன்றை எழுதவைத்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர் நார்த்தம்பர்லாந்து பிரபு ஜான் டட்லி. ஜேனைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தவரும் அவர்தான். கணக்கு சரியாக இருக்கிறது இல்லையா, மருமகள் ராணி, மகன் ராஜா, தான் ராஜாவுக்கு அப்பா.

கணக்குத் தப்பியது. 1553 ஜூலை 6ஆம் தேதி எட்வர்டு இறந்தான், பதினைந்து வயது. ஜூலை 10இல் ஜேனை ராணி என்று அறிவித்தார்கள். 19ஆம் தேதி எட்வர்டின் அக்கா மேரி பக்கம் எல்லோரும் சாய்ந்துவிட, ஒன்பதே நாளில் முடிந்தது. அடுத்த பிப்ரவரி 12ஆம் தேதி லண்டன் கோபுரத்தில் ஜேனின் தலையை வெட்டினார்கள், அவளுக்குப் பதினாறு பதினேழு வயதுதான். அதே நாள் காலையில் அவள் கணவனையும். அந்தக் கோபுரத்தில் டட்லி சகோதரர்களை அடைத்துவைத்த அறையின் சுவரில் ‘ஜேன்’ என்று யாரோ செதுக்கிய எழுத்து இன்றைக்கும் இருக்கிறது.

புத்தகப் பைத்தியம் என்பதும் கற்பனை இல்லை. ரோஜர் ஆஸ்கம் என்ற அறிஞர் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனபோது வீட்டார் எல்லோரும் வேட்டைக்குப் போயிருக்க, இவள் மட்டும் தனியாக உட்கார்ந்து பிளேட்டோவைக் கிரேக்கத்தில் படித்துக்கொண்டிருந்தாளாம், அவரே எழுதிவைத்திருக்கிறார். லண்டன் நேஷனல் கேலரியில் பால் டெலரோஷ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1833இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. வெள்ளை உடை, கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறது, தலையை வைக்க வேண்டிய கட்டையைக் கையால் தடவித் தேடுகிறாள். இணையத்தில் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை ஆரம்பியுங்கள். அந்தக் கையை நினைத்துக்கொண்டு கேட்டால், மூன்று எழுத்தாளர்கள் எதற்காக இவ்வளவு மெனக்கெட்டு இந்தப் பெண்ணுக்கு ஒரு குதிரையைக் கொடுத்தார்கள் என்பது புரியும். நடந்தது எங்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் மாற்றுகிறோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், அதனால் நான் சொல்வது கதையை உடைத்த கணக்கில் வராது.

படித்தால் போதாதா? ஏன் கேட்கச் சொல்கிறீர்கள்?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இது.

இந்தக் கதையை யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால், எழுதிய மூன்று பேருமே சொல்கிறார்கள். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் தலையை நீட்டி, இந்த இடத்தில் சரித்திரம் வேறு மாதிரி சொல்லும், நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள் என்பது மாதிரி ஏதாவது சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை. ராஜா தர்பாரில் வீராவேசமாகப் பேசிக்கொண்டிருப்பார், கட்டியங்காரன் பக்கத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை விடுவான், மொத்த தர்பாரும் சரிந்துவிடும். அதை அச்சில் அடைப்புக்குறி போட்டு எழுதினால் கண் அடைப்புக்குறியை முன்கூட்டியே பார்த்துவிடுகிறது, சரி, ஜோக் வரப்போகிறது என்று மூளை தயாராகிவிடுகிறது, தயாரான இடத்தில் சிரிப்பு பாதிதான் வரும்.

காதுக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. குரல் ஒரு அரை விநாடி நிற்கும், கொஞ்சம் தாழும், ரகசியம் சொல்வதுபோல் பக்கத்தில் வரும், அதற்குள் ஜோக் முடிந்து கதை திரும்ப ஆரம்பித்திருக்கும். நான் முதல் தடவை மாட்டிக்கொண்டது மின்சார ரயிலில், மாம்பலத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவில். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா தன் மடியிலிருந்த பூக்கூடையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

பிறகு சந்தேகம் வந்து அதே பக்கங்களைப் புத்தகத்திலும் படித்துப் பார்த்தேன். புன்னகைதான் வந்தது. பயமுறுத்துகிற கதையை எப்படிச் சொன்னாலும் கொஞ்சமாவது பயமுறுத்தும், அழுகைக் கதையும் அப்படித்தான். சிரிப்பு மட்டும் அரை விநாடி பிசகினால் செத்துவிடும். அதனால் சோகக் காதலை எல்லாம் கையில் எடுத்துப் படியுங்கள், சிரிக்கிற காதலை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த ஒருவர் சொல்லக் கேளுங்கள் என்பது என் கட்சி.

யார் வாசித்திருக்கிறார்? ஆண் பாத்திரங்களுக்கும் ஒரு பெண்ணே பேசினால் ஒட்டுமா?

கேதரின் கெல்கிரென். அமெரிக்கர், லண்டனில் நடிப்புப் படித்தவர். ஒலிநூல்களுக்கு அமெரிக்காவில் வருஷாவருஷம் கொடுக்கிற ஆடி விருதுகளைப் பலமுறை வாங்கியவர். (ஆடி என்பது விருதுக்கு அவர்கள் வைத்த பெயர், நம் ஆடித் தள்ளுபடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 2018 ஜனவரியில் காலமாகிவிட்டார், இன்னும் ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதைப் பாதிப் புத்தகத்தில் தெரிந்துகொண்டு அன்றைக்கு மேற்கொண்டு கேட்காமல் போனை வைத்துவிட்டேன். சாவை ஏமாற்றுகிற கதையை ஒரு குரல் குதூகலமாகச் சொல்லிக்கொண்டிருக்க, குரலுக்குச் சொந்தக்காரி இல்லை என்பது என்னவோ போல இருந்தது.

ஒட்டுமா என்றால், முதல் அரை மணி நேரம் கொஞ்சம் உறுத்தும். கதை எட்வர்டு, ஜேன், கிஃபோர்டு என்று மூன்று பேர் பார்வையில் மாறி மாறிப் போகிறது, மூன்றில் இரண்டு பையன்கள். ஆனால் அவர் ஆண் குரலில் பேச முயற்சி செய்து தொண்டையைக் கட்டைபோட்டுக்கொள்வதில்லை, தோரணையை மாற்றுகிறார். ராஜாவுக்கு ஒரு இழுப்பு, குதிரைக்காரனுக்கு ஒரு சோம்பல், ஜேனுக்குப் படபடவென்று. பாட்டி கதை சொல்லும்போது ராட்சசனுக்கும் அவளே, ராஜகுமாரிக்கும் அவளேதானே, அப்போது நாம் உறுத்தல் என்று சொன்னோமா?

இப்போது பல ரொமான்ஸ் ஒலிநூல்களில் ஆண் அத்தியாயத்துக்கு ஆண், பெண் அத்தியாயத்துக்குப் பெண் என்று இரண்டு பேர் வாசிக்கிறார்கள். சிலவற்றில் வசனத்துக்கு வசனம் குரல் மாறும், நாடகம் மாதிரி. காதல் சூடாக இருக்கிற கதைகளுக்கு அது பொருந்தலாம். கிண்டல் கதைக்கு ஒரே ஆள்தான் சரி, கிண்டல் செய்கிறவர் ஒருத்தராக இருக்க வேண்டும்.

என் ஆங்கிலம் சுமார்தான். பிரிட்டிஷ் உச்சரிப்பு வேறு. புரியுமா?

பதின்பருவத்தினருக்கு எழுதியது என்பதால் வாக்கியங்கள் சிக்கல் இல்லாதவை, வார்த்தைகளும் அப்படித்தான். முதல் இரண்டு அத்தியாயங்களை இரண்டு தடவை கேளுங்கள், காது பழகிவிடும். கிரேசி என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரி வருவாள், அவள் பேசும்போது மட்டும் பதினைந்து விநாடி பின்னால் தள்ளுகிற பொத்தான் கொஞ்சம் தேயும்.

இதில் கேட்கிறவர்களுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. நான் ‘எதியன்’ என்று எழுதினேனே, அதைப் புத்தகத்தில் பழைய ஆங்கிலத்தின் ஒரு எழுத்தை நடுவில் போட்டு அச்சடித்திருக்கிறார்கள், மேல் கோட்டில் வெட்டு விழுந்த ‘டி’ மாதிரி இருக்கும். அச்சில் படித்த என் அக்கா மகள் அதை ‘எடியன்’ என்றே நானூறு பக்கத்துக்கும் மேல் வாசித்து முடித்துவிட்டாள். நான் கேட்டவள், எனக்கு உச்சரிப்பு சரி, ஆனால் எழுதிக் காட்டச் சொன்னால் முழிப்பேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியபோது பத்து நிமிஷம் வேறு வேறு கதையைப் பற்றிப் பேசுகிறோமோ என்று நினைத்துவிட்டோம்.

ஷேக்ஸ்பியர் வரிகளைச் சீண்டுகிற இடங்கள் வரும். ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564இல், ஜேன் இறந்து பத்து வருஷம் கழித்து, எழுத்தாளர்களுக்கு அதெல்லாம் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் சேட்டை. பிடிபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த ஜோக் வந்துகொண்டிருக்கும்.

நான் எல்லாவற்றையும் 1.5 வேகத்தில்தான் கேட்பேன். பரவாயில்லையா?

பரவாயிருக்கிறது. வேகத்தை ஏற்றினால் முதலில் சுருங்குவது மௌனங்கள்தான், இந்தப் புத்தகத்தில் பாதிச் சிரிப்பு மௌனத்தில் இருக்கிறது. சுயமுன்னேற்றப் புத்தகங்களை இரண்டு வேகத்தில் என்ன, மூன்றில்கூடக் கேளுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. இதற்கு அதிகபட்சம் 1.1. சண்டைக் காட்சிகள் வந்தால் 1.2 வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அவை கொஞ்சம் நீளமாகத்தான் பட்டன.

மொத்தம் எத்தனை மணி நேரம்? யாருக்கு நேரம் இருக்கிறது?

ஏறக்குறைய 14 மணி நேரம். சாதாரணமாக ஒலிநூலில் ஒரு மணி நேரத்துக்கு 9,000 வார்த்தைகளுக்குச் சற்று மேலே ஓடும், அந்தக் கணக்கில் இது நல்ல கனமான புத்தகம். நான் கேட்டு முடிக்க ஐந்து வாரம் ஆனது. ஆபீஸ் போக வர ரயிலில், ஞாயிற்றுக்கிழமை மாவு அரைக்கும்போது கிரைண்டர் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு, துணி மடிக்கும்போது. காய் நறுக்கும்போது வேண்டாம், குதிரை ஜோக் வந்தபோது விரலில் பட்டுவிட்டது. குதிரை ஜோக் எதுவும் வேண்டாம் என்று அந்தக் கணவன் கெஞ்சுவான், அந்த இடத்தில்.

எங்கே கிடைக்கும்? டேட்டா நிறைய இழுக்குமா?

ஆடிபிள் மாதிரி ஒலிநூல் கடைகளில் தேடுங்கள். மாதச் சந்தாவில் ஒரு கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு ஒரு புத்தகம் என்பது அங்கே வழக்கம், அதனால் குட்டிப் புத்தகங்களுக்குக் கிரெடிட்டை வீணாக்காமல் இந்த மாதிரி 14 மணி நேரப் புத்தகங்களுக்குச் செலவழிப்பதே வீட்டு நிர்வாகம். வாங்குவதற்கு முன்னால் இலவசமாகக் கிடைக்கிற ஐந்து நிமிஷ மாதிரியைக் கட்டாயம் கேளுங்கள், குரல் பிடிக்கவில்லை என்றால் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பதினான்கு மணி நேரம் குடும்பம் நடத்த முடியாது.

சிங்கப்பூர், டொரன்டோ பக்கம் இருக்கிறவர்களுக்கு யோகம். அங்கே பொது நூலக அட்டை இருந்தால் லிபி என்ற செயலியில் ஒலிநூல்களைக் காசில்லாமல் இரவல் வாங்கலாம். ஒரு சங்கடம் உண்டு. கோப்புதானே, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமே என்று நினைப்போம், பதிப்பாளர்கள் விட மாட்டார்கள். நூலகம் வாங்கிய உரிமம் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் ஒரே சமயத்தில். மற்றவர்கள் ரேஷன் கடை மாதிரி வரிசையில்.

டேட்டா பெரிய விஷயமில்லை. 64 கிலோபிட் தரத்தில் பதிந்தது என்றால் மணிக்கு 29 எம்பி, முழுப் புத்தகமும் 400 எம்பி சொச்சம்தான் வரும். வீட்டு வைஃபையில் இறக்கிவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. கேட்கலாமா?

கேட்கலாம். காதல் முத்தத்தோடு நிற்கிறது. கல்யாண ராத்திரியைப் பற்றி நிறையக் கிண்டல் உண்டு, எல்லாம் ஜாடை, புரிகிற வயசில் புரியும், புரியாத வயசில் குதிரை மட்டும் தெரியும். கத்திச் சண்டை, விஷம், சூழ்ச்சி எல்லாம் அரண்மனைக் கதைகளில் இருக்கிற அளவுக்கு. நீங்களும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. காரில் ஸ்பீக்கரில் போட்டால் பின்சீட்டில் தம்பி தூங்குவதுபோல நடித்துக்கொண்டு கேட்பான், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. டீனேஜ் காதல் கதை கேட்கிறேன் என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இயர்போன் எதற்கு இருக்கிறது சார்? வெளியே நீங்கள் பங்குச்சந்தை கேட்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பங்குச்சந்தையில் யாரும் சிரிப்பதில்லை.

பிரைமில் தொடராக வந்ததே, அதைப் பார்த்துவிட்டேன். இனி எதற்கு?

2024 ஜூனில் எட்டு எபிசோடு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, ஆகஸ்டிலேயே அடுத்த சீசன் கிடையாது என்று இழுத்து மூடிவிட்டார்கள், ரசிகர்கள் அங்கே இங்கே மனு போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதனால் தொடரில் கதை தொங்குகிறது. புத்தகத்தில் முடிகிறது. இது ஒன்றே போதும்.

அது தவிர, தொடர் பெரியவர்களுக்கு எடுத்தது, படுக்கையறைக் காட்சிகள் உண்டு. புத்தகம் இளசுகளுக்கானது. தொடரைப் பார்த்துவிட்டு அதே மாதிரி இருக்கும் என்று கேட்கப் போனால் ஏமாற்றம், புத்தகத்தை நம்பி மகளோடு உட்கார்ந்து தொடரைப் போட்டால் ரிமோட்டைத் தேடிக் கை பறக்கும். இரண்டாவது அனுபவம் என்னுடையது.

கேட்டால் அது படித்த கணக்கா?

இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவை சண்டையாக வெடிக்கும். எங்கள் பாட்டிக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். வாரப் பத்திரிகை வந்ததும் அம்மா தொடர்கதையை உரக்கப் படிக்க, பாட்டி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்பாள். அடுத்த வாரம் யார் எந்தக் குகையில் மாட்டியிருக்கிறார்கள் என்று அம்மாவுக்கு மறந்திருக்கும், பாட்டிக்கு மறந்திருக்காது. அவளிடம் போய் நீ படிக்கவில்லை என்று யார் சொல்வது?

ஒலிநூல் ஆரம்பித்ததே பார்வையில்லாதவர்களுக்காகத்தான். 1930களில் அமெரிக்காவில் பெரிய இசைத்தட்டுகளில் பதிந்தார்கள், ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம். ‘மை லேடி ஜேன்’ அந்தக் காலத்தில் வந்திருந்தால் இருபத்தெட்டு இசைத்தட்டு, திருப்பித் திருப்பிப் போட ஒரு ஆளும் வேண்டும்.

ராத்திரி படுத்துக்கொண்டு கேட்கலாமா?

ஸ்லீப் டைமர் வைக்காமல் கேட்காதீர்கள். ஒருநாள் மறந்து தூங்கிவிட்டேன், மூன்று மணி நேரம் தானாக ஓடி, விழித்தபோது காதுக்குள் யாரோ யாரையோ மன்னித்துக்கொண்டிருந்தார்கள். யார், எதற்கு என்று தெரியாமல் ஆனால் மன்னிப்பு மட்டும் தெரிந்துபோனதால் நடுவில் இருந்த சண்டையை எல்லாம் பதற்றமே இல்லாமல் கேட்டேன். பதினைந்து நிமிஷம் வையுங்கள், அல்லது அத்தியாய முடிவில் நிற்கும்படி வையுங்கள்.

முடித்துவிட்டேன். அடுத்தது என்ன?

அதே மூவர் 2018இல் ‘மை பிளெய்ன் ஜேன்’ எழுதினார்கள். பேய் கேட்டவர்களுக்கு இதில்தான் பேய். சார்லட் பிராண்டியின் ஜேன் அயர் கதைக்குள் ஆவிகளைப் புகுத்தி, கதாநாயகிக்கு அவை கண்ணுக்குத் தெரியும்படி செய்து, எழுத்தாளரான சார்லட்டையே அவளுக்குத் தோழியாக்கிவிட்டார்கள். குரல் வேறொருவர். நன்றாகவே வாசித்திருக்கிறார், ஆனாலும் புதுக் குடித்தனக்காரர் மாதிரி எனக்கு ஒட்டக் கொஞ்ச நாளானது. 2020இல் ‘மை கலாமிட்டி ஜேன்’, அமெரிக்க மேற்குப் பகுதி, ஓநாய் மனிதர்கள். அதில் நான் இன்னும் பாதியில்தான் நிற்கிறேன், துப்பாக்கி அதிகம். ஒவ்வொன்றும் தனிக் கதை, வரிசையாகக் கேட்க வேண்டும் என்று இல்லை.

தமிழில் பேயும் சிரிப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் நேராக சினிமாவுக்குப் போய்விடுகிறது. யாராவது ஒரு மோகினிக்கும் ஒரு டுடோரியல் மாஸ்டருக்கும் காதல் வரவழைத்து, பன்னிரண்டு மணி நேரம் நல்ல குரலில் சொன்னால் முதல் கிரெடிட் என்னுடையது.

கடைசியில் அவன் குதிரையாகவே இருந்துவிடுகிறானா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து நான் டைப் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘மை பிளெய்ன் ஜேன்’ முடிவை நான் தெரியாமல் அவளிடம் சொல்லிவிட்டதற்கே நாலு நாள் என்னோடு பேசவில்லை. சொல்ல மாட்டேன்.